லிமிட் அலாரம்: சந்தேகப்பட வேண்டியது சுவிட்சையா, ஜீரோவையா?

பழைய மில்லிங் மெஷினுக்கு சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாடு) பொருத்தி ஓட்டும் வாசகர்கள் அச்சுகளின் ஓட்ட எல்லையைப் பற்றிக் கேட்ட நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பழைய எச்.எம்.டி. மில்லிங் மெஷினில் 5 மி.மீ. பிட்ச் உள்ள (ஒரு சுற்றுக்கு டேபிளை 5 மி.மீ. நகர்த்தும்) பால் ஸ்குரூவையும் சர்வோ மோட்டாரையும் நேரடிக் கப்ளிங்கில் இணைத்து, லினக்ஸ்சி.என்.சி. மென்பொருளில் ஓட்டுகிறோம். சில நாள் காலையில் ஹோம் எடுத்தால் (மெஷினின் ஜீரோவைப் பிடித்தால்) மாலை வரை ஒரு குறையும் இல்லை. சில நாள் அதே புரோகிராமில், எக்ஸ் அச்சு கடைசித் துளைக்குப் போகும்போது லிமிட் சுவிட்ச் (ஓட்ட எல்லையில் உள்ள சுவிட்ச்) விழுந்து, அதாவது இயங்கி, மெஷின் நின்றுவிடுகிறது. அந்த நாட்களில் வைஸின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தால் ஜீரோவும் ஏறக்குறைய 5 மி.மீ. தள்ளியிருக்கிறது. சுவிட்சை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லை. என்ன செய்வது? (கணபதி, கோவை)

பதில்: விடைக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். ஜீரோ தள்ளிய தூரமும் 5 மி.மீ., ஸ்குரூவின் பிட்சும் 5 மி.மீ. ஆக, சில நாள் ஹோம் எடுக்கும்போது ஸ்குரூ ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றி நின்று, அந்த இடத்தையே மெஷின் ஜீரோ என்று எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணும் 5 மி.மீ. தவறு. சாஃப்ட் லிமிட் (கன்ட்ரோலில் எண்ணாகக் கொடுத்த எல்லை) அந்த எண்ணை நம்பித்தான் கணக்குப் போடுகிறது என்பதால், இன்னும் இடம் இருக்கிறது என்று அனுமதித்துவிடுகிறது; டேபிளோ அதற்குள் சுவிட்சைத் தொட்டுவிடுகிறது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

மோட்டாரின் சுற்றை அளக்கும் என்கோடரின் இண்டெக்ஸ் பல்ஸைக் கொண்டு ஹோம் எடுக்கும் அமைப்பில், அச்சு முதலில் ஹோம் சுவிட்சைத் தேடிப் பிடித்து, பிறகு மெதுவாக நகர்ந்து, சுவிட்சின் நிலை மாறிய பிறகு வரும் முதல் இண்டெக்ஸ் பல்ஸில் ஜீரோவைப் பதிவு செய்கிறது. இண்டெக்ஸ் பல்ஸ் ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். சுவிட்ச் மாறும் இடமும் பல்ஸ் வரும் இடமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டால், சுவிட்சில் கூலன்ட் படிந்தாலோ, ரோலர் தேய்ந்தாலோ, காலையில் மெஷின் குளிர்ந்திருந்தாலோ ஏற்படும் 0.1 மி.மீ. மாறுதலே போதும், அந்தப் பல்ஸ் கைநழுவி, அடுத்த பல்ஸ் 5 மி.மீ. தள்ளிக் கிடைக்கும். எத்தனை புதுச் சுவிட்ச் போட்டாலும் இந்த நெருக்கம் இருக்கும்வரை தொல்லையும் இருக்கும்.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஹோமுக்கு அப்பால் மெக்கானிக்கல் ஸ்டாப் வரை இடம் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சாஃப்ட் லிமிட்டைச் சோதனைக்காக மட்டும் 6 மி.மீ. தளர்த்திக்கொள்ளுங்கள். ஹோம் எடுத்தபின் 0.1 மி.மீ. ஜாகில் (கையால் பட்டனை அழுத்தி நகர்த்தும் முறையில்) சுவிட்சை நோக்கி ஒவ்வோர் அடியாக நகர்த்தி, சுவிட்ச் மாறும் இடத்தைத் திரையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரம் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் கவலையில்லை. 0-க்கு அருகிலோ 5-க்கு அருகிலோ இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஃபானுக் 0ஐ கன்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை. டயக்னோசிஸ் 302 அந்தத் தூரத்தை நேராகக் காட்டிவிடும்.

சரிசெய்யும் வழி எளிது. டாக்கின் (சுவிட்சை அழுத்தும் கட்டையின்) போல்ட்டைத் தளர்த்தி 2.5 மி.மீ. நகர்த்தி இறுக்குங்கள், அல்லது கப்ளிங்கைத் தளர்த்தி மோட்டார் ஷாஃப்ட்டை அரைச் சுற்று திருப்பி இறுக்குங்கள். இதே தொல்லை இருந்த ஒரு மெஷினின் தகட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. டாக்கின் சரிவில் ரோலர் ஏறி இறங்கிய இடம் கண்ணாடி போல் மினுமினுத்தது. அந்த விளிம்புக்கும் இண்டெக்ஸுக்கும் இடையே 0.1 மி.மீ. கூட இல்லை. டாக்கை நகர்த்திய பிறகு இருபது முறை ஹோம் எடுத்து ஒவ்வொரு முறையும் டயல் வைத்துப் பார்த்தோம். முள் அதே கோட்டில் வந்து நின்றது. நீங்களும் இருபது முறை எடுத்துப் பார்க்காமல் மூடியைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

டாக்கை நகர்த்தினால் ஜீரோவும் இடம் மாறக்கூடும். எனவே இரு பக்க எல்லை எண்களையும் ஜி54 மதிப்பையும் (ஜாப்பின் ஜீரோ இருக்கும் இடத்தையும்) புதிதாக அளந்து எழுத வேண்டும். அப்போது பழைய கேட்லாக்கில் அச்சிட்டிருக்கும் ஓட்டத்தை அப்படியே போடாதீர்கள். ரெட்ரோஃபிட்டில் (பழைய மெஷினுக்கு சி.என்.சி. பொருத்தியதில்) பால் நட்டின் பிராக்கெட்டும், சுருங்கிய பெல்லோஸ் (மடிப்பு உறை) அடைத்துக்கொள்ளும் இடமும் சேர்ந்து அந்த ஓட்டத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. கையால் ஸ்குரூவைச் சுற்றி இரு கோடியையும் தொட்டு அளந்ததே உங்கள் மெஷினின் ஓட்டம்.

கேள்வி: பழைய பிரிட்ஜ்போர்ட் மெஷினில் அதன் ஸ்குரூவையே வைத்துக்கொண்டு ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தினோம். மாக்3 மென்பொருளில் ஓடுகிறது. எக்ஸ் எல்லையை 600 என்று கொடுத்திருக்கிறோம். திரையில் 592 தாண்டியதும் லிமிட் சுவிட்ச் விழுகிறது. டேப் வைத்து அளந்தால் சுவிட்ச் 602-இல்தான் இருக்கிறது. (சேலம்)

பதில்: உங்களுடையது அங்குல ஸ்குரூ. அங்குலத்துக்கு 5 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 5.08 மி.மீ. கன்ட்ரோலில் 5 மி.மீ. என்று கொடுத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். 602-ஐ 1.016-ஆல் வகுத்துப் பாருங்கள், 592.5 வரும், நீங்கள் திரையில் பார்த்த எண் அதுதான். 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு அளந்தால் 304.8 இருக்கும். இதுவரை போட்ட நீளமான ஜாப்கள் எப்படித் தேறின என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போனவற்றை ஒருமுறை சரிபாருங்கள்.

200 ஸ்டெப் மோட்டார், 10 மைக்ரோஸ்டெப், 2:1 பெல்ட் என்றால் ஸ்குரூவின் ஒரு சுற்றுக்கு 4000 பல்ஸ். மோட்டார் டியூனிங் பக்கத்தில் ஒரு மி.மீ.க்கு 800 என்று இருப்பதை 787.4016 என்று மாற்றுங்கள். உங்கள் டிரைவ் அமைப்பு வேறாக இருந்தால் அதே விகிதத்தில் கணக்கிடுங்கள். பிறகு ஹோம் எடுத்து எல்லைகளை மறுபடி எழுதுங்கள். முந்தைய வாசகரின் மெஷினில் பிழை எந்த இடத்திலும் ஒரே 5 மி.மீ.; உங்களுடையது ஜீரோவிலிருந்து தள்ளிப் போகப் போக வளர்கிறது. பிழை எந்தக் கணக்கிலும் அடங்காமல் ஒருநாள் 0.7, மறுநாள் 3 என்று வந்தால் கப்ளிங் வழுக்குகிறதா, மோட்டார் ஸ்டெப் தவறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜாப் உள்ளங்கை அளவுதான். 80 மி.மீ. எண்ட் மில்லில் ஓடும் புரோகிராம், 150 மி.மீ. டிரில்லை மாட்டியதும் முதல் லைனிலேயே இசட் அச்சு பிளஸ் எல்லையை மீறும் என்று சொல்லி நிற்கிறது. அச்சு நகரவே இல்லையே, எப்படி மீறும்? (ஓசூர்)

பதில்: மெஷின் நகர்வதற்கு முன்பே கணக்குப் போட்டு உங்களைத் தடுத்திருக்கிறது, அது நல்லதுதான். சாஃப்ட் லிமிட் மெஷினின் சொந்த ஜீரோவிலிருந்து அளக்கப்படுவது; ஜாப்பின் அளவு அதற்குத் தெரியாது. நீங்கள் அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். குயில் (ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் உருளை) ஓட்டம் 127 மி.மீ., அதாவது மேலே 0 முதல் கீழே −127 வரை. ஜி54 இசட் மதிப்பு −180. டிரில்லுக்கு ஜி43 (டூலின் நீளத்தைக் கணக்கில் கூட்டும் கட்டளை) போட்டு இசட்50 என்று எழுதினால் 50 − 180 + 150 = +20. மேலே 20 மி.மீ. இல்லாத இடத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். எண்ட் மில்லுக்கு அதே லைன் −50 என்று வருவதால் தடையில்லை.

மேஜையை 30 மி.மீ. இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். இறக்கினால் ஜி54 −210 ஆகும், டிரில்லுக்கு இடம் கிடைக்கும். ஆனால் எண்ட் மில் இசட்−20 வரை இறங்க −20 − 210 + 80 = −150 வேண்டும், குயிலோ −127-இல் முடிந்துவிடுகிறது. குயிலை மட்டும் இசட் அச்சாக்கிய ரெட்ரோஃபிட்டில், மிக நீளமான டூலுக்கும் மிகக் குட்டையான டூலுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் ஓட்டத்தைத் தின்கிறது. ஆகவே மேஜையைத் தொடாமல், மேலே தூக்கும் உயரத்தை 50-லிருந்து 25-ஆகக் குறையுங்கள். டிரில் −5-இல் நிற்கும். கிளாம்ப் அந்த உயரத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் குட்டை டிரில் வாங்குவதே வழி. டூலை மேலே அனுப்ப ஜி90 (ஜீரோவிலிருந்து அளக்கும்) நிலையில் ஜி28 (மெஷினின் ஹோமுக்குத் திரும்பும் கட்டளை) இசட்0 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது முதலில் ஜாப்பின் இசட்0-க்கு ராப்பிடில் (முழு வேகத்தில்) இறங்கிவிட்டுத்தான் மேலே போகும்.

கேள்வி: ஸ்பிண்டிலை ஆன் செய்தாலே லிமிட் அலாரம் வருகிறது. டேபிள் நடுவில்தான் நிற்கிறது. லிமிட் வயர்களை ஷார்ட் செய்துவிட்டு சாஃப்ட் லிமிட்டை மட்டும் நம்பி ஓட்டலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரிதானா? (ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம். இதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். சாஃப்ட் லிமிட் ஜீரோவை நம்புகிறது, ஜீரோ எப்படியெல்லாம் தவறும் என்பதை முதல் இரண்டு கேள்விகளில் பார்த்தோம். அது தவறும் நாளில் பால் நட் ஸ்குரூவின் நுனியைத் தாண்டி, குண்டுகள் தரையில் சிதறும். யாராவது அருகில் குனிந்திருந்தால் நசுங்குவது கை.

அலாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் வி.எஃப்.டி.யின் (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியின்) மின் நாய்ஸ்தான். லிமிட் வயரும் ஸ்பிண்டில் மோட்டார் கேபிளும் ஒரே டிரங்கில் (வயர் செல்லும் குழாயில்) போகின்றனவா என்று பாருங்கள். போனால் பிரித்து, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். லிமிட்டுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். 5 வோல்ட்டில் ஓடும் சுவிட்ச் வரிசையை 24 வோல்ட்டுக்கும் ஆப்டோ ஐசலேட்டருக்கும் (சிக்னலை ஒளி வழியே கடத்தும் பாகத்துக்கும்) மாற்றுங்கள். தொடர்பு என்.சி.யாக, அதாவது சாதாரண நிலையில் மூடியதாக இருக்கட்டும். வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். பிராக்ஸிமிட்டி சென்சர் (தொடாமலே உலோகத்தை உணரும் சுவிட்ச்) என்றால் அதன் முகத்தை விரலால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், இரும்புச் சுருள் ஒட்டியிருந்தால் அதுவே அலாரத்துக்குப் போதும்.

கேபிளை மாற்றும்போதே சுவிட்சின் இடத்தையும் சரிபாருங்கள். ராப்பிட் நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றால் நொடிக்கு 100 மி.மீ.; வேகம் நொடிக்கு 500 மி.மீ. வீதம் குறையும் என்றால் நிற்க 10 மி.மீ. வேண்டும். எமர்ஜென்சியில் டிரைவின் பவரே போய்விடும் அமைப்பில் இன்னும் அதிகம் ஓடும். ஆகவே சுவிட்ச் விழும் இடத்துக்கும் மெக்கானிக்கல் ஸ்டாப்புக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. விடுங்கள். அந்தத் தூரம் முழுவதும் சுவிட்சை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு டாக் நீளமாக இருக்க வேண்டும். லிமிட்டில் மாட்டிய மெஷினை வெளியே எடுக்க, அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் வேலை செய்யும் புஷ் பட்டன் ஒன்றை பைபாஸாக வையுங்கள். அதை அழுத்தும் முன், எந்தப் பக்கத்துச் சுவிட்ச் விழுந்திருக்கிறது என்பதைத் திரையில் பார்க்காமல், டேபிளின் அருகே போய் நேரில் பார்த்துவிட்டு ஜாக் திசையைத் தேர்ந்தெடுக்குமாறு ஆபரேட்டரிடம் சொல்லிவையுங்கள்.