விக்டோரியா காலத் துக்க உடை: ஐந்து வயதுப் பெண்ணுக்கும் கறுப்புதானா?

கேள்வி: எங்கள் பள்ளி நாடகக் கதை 1862-இல் லண்டனில் நடக்கிறது. அப்பாவை இழந்த 12 வயதுப் பையன், அவனுடைய 5 வயதுத் தங்கை. அந்தக் காலப் புகைப்படம் ஒன்றில் ஒரு சிறுமி கறுப்பு கவுன் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து இருவருக்கும் கறுப்பு சாட்டினில் தைத்துவிடலாமா?

பதில்: முதலில் சாட்டினை விடுங்கள். அன்றைய துக்க உடைக்குக் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, பளபளக்கவும் கூடாது. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த பாம்பசின் என்ற மங்கல் துணியில் உடை தைத்து, அதன்மேல் கிரேப் வைப்பார்கள். இன்று கடையில் குழைவாகக் கிடைக்கிறதே, அந்த கிரேப் இல்லை. மெல்லிய பட்டுத் துணியைச் சூடான உருளையில் அழுத்திச் சுருக்கம் ஏற்றிய, விறைப்பான, உயிரற்ற கறுப்பு. மழைத்துளி பட்டால் புள்ளி விழும். வியர்த்தால் சாயம் கழுத்தில் இறங்கும். ஓடியாடும் பிள்ளைக்கு யார் அதை முழுக்கப் போடுவார்கள்? ஓரத்தில் ஒரு பட்டை வைத்தால் உண்டு.

உங்களுக்கு மங்கலான கறுப்புக் காட்டன் போதும். லேசாக மினுமினுத்தால் துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தையுங்கள். மேடை விளக்கில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அந்தப் புகைப்படத்தை அப்படியே நம்ப வேண்டாம். அக்கால கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கவுனும் படத்தில் கறுப்பாகவே விழும். நீலமோ வெளுத்துவிடும். பொத்தான் மின்னுகிறதா, துணி ஒளியைத் திருப்பி அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், அது பண்டிகைக்குத் தைத்த சிவப்பு கவுனாகவும் இருக்கலாம்!

தங்கைக்கு என் தேர்வு வெள்ளை. அப்பா இறந்ததற்காகக் கறுப்பே போட்ட சின்னப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வெள்ளை கவுனில் கறுப்பு ரிப்பன் கோத்து, இடுப்பில் கறுப்புப் பட்டி கட்டுவது பரவலான வழக்கம். நான்கு விரல் அகலப் பட்டி, முதுகுப்பக்கம் பெரிய முடிச்சு, தோள்பட்டையில் சின்ன ரிப்பன். நம் ஊர்க் கண்ணுக்கு வெள்ளை வேறு விதமாகவும் துக்கத்தைச் சொல்லும். அது உங்களுக்குக் கிடைத்த லாபம்.

அண்ணனுக்குக் கறுப்பு கோட்டு, கால்சட்டை, தொப்பியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. வசதியில்லாத வீடு என்றால் பழைய உடையையே கறுப்புச் சாயத்தில் முக்கியதாகக் காட்டுங்கள். ஏழை வீடுகளில் அதுதான் நடந்தது. பணக்காரர்களுக்கு ரீஜன்ட் தெருவில் 1841-இலேயே ஜேஸ் என்ற துக்க உடைக் கடை வந்துவிட்டது. முந்தைய டிசம்பரில்தான் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்திருந்தார் என்பதால், 1862 லண்டனில் கறுப்புக்குப் பஞ்சமே இல்லை.

கதை எத்தனை மாதம் நகர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெற்றோருக்குத் துக்கம் காப்பது வழக்கமாக ஓராண்டு. கடைசி மாதங்களில் சாம்பல் நிறமும் இளம் ஊதாவும் வந்துவிடும். கடைசிக் காட்சி அந்தச் சமயம் என்றால் புது கவுன் தைக்க வேண்டாம், பட்டியை மட்டும் ஊதாவுக்கு மாற்றுங்கள். பொத்தான்களுக்குத் துணி சுற்றிவிட மறக்காதீர்கள்.