ஏரிக்கரைக் கல்லைத் தொடாதே தம்பி

ஃபின்லாந்தின் எஸ்போவில் நீ வாடகைக்கு எடுத்த வீட்டில் சவுனா, அதாவது சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை, இருக்கிறது, அதிலுள்ள கியுவாஸில், அதாவது அந்த மின் அடுப்பில், கற்கள் உதிர்ந்து கிடக்கின்றன, பக்கத்து ஏரிக்கரையிலிருந்து நல்ல கல்லாகப் பொறுக்கி வந்து போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர்கால ஜாக்கெட், ஃபின்னிஷ் வகுப்பு, இட்லி அரிசி. அதற்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. நான் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பொறுக்காதே. யார் காட்டிலும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம், காளான் பறிக்கலாம் என்பது இங்குள்ள உரிமை. கல்லும் மண்ணும் பாசியும் அதில் சேராது; நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். சட்டத்தை விடு, உன் கண்ணை நினைத்துப் பார். தண்ணீரில் கிடந்த கல்லின் விரிசல்களில் ஈரம் இருக்கும். சூடேறினால் அது ஆவியாகிக் கல்லைப் பிளந்து சில்லாகத் தெறிக்க வைக்கும். கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரிவதால் அந்தக் கல் சீக்கிரம் உடையும். கந்தகக் கனிமம் கலந்த கல்லென்றால் நாற்றம் வேறு.

கடையில் 20 கிலோ பெட்டியாகவே விற்கிறார்கள். பெரிடோடைட் அல்லது ஆலிவின் டயபேஸ் வாங்கு. இரண்டாவது இந்த நாட்டின் மேற்கே சதகுந்தா பகுதியில் நிறைய இருக்கிறது. சுமார் 126 கோடி ஆண்டுப் பழசு. மின் அடுப்புக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கல், விறகு அடுப்புக்கு அதைவிடப் பெரிது. உன் அடுப்பின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. அழகாக இருக்கிறதென்று வெள்ளைப் பீங்கான் கல் வாங்கிவிடாதே, பல அடுப்புகளுக்கு அது ஆகாது.

அடுக்குவதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். சந்தில்லாமல் மதில் மாதிரி அடுக்கினால் காற்று ஏறாது. கல்லைச் சூடாக்கும் மின்கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து அடுப்பு நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தி, கல் முழுக்க ஆறியபின் எல்லாவற்றையும் வெளியே எடு, தூசியையும் பொடியையும் கூட்டு, புதுக் கற்களைக் கழுவு. பெரியதைக் கீழே, சிறியதை மேலே, தளர்வாக வை. கல்லின் எடை கல்லின் மேல் நிற்கட்டும், கம்பிகளுக்கு நடுவே செருகினால் அவை வளையும். ஆனால் கம்பி வெளியே தெரியவும் கூடாது. முதல் தடவை காற்றோட்டம் விட்டு, சவுனாவுக்குள் யாரும் உட்காராமல் சூடாக்கு.

வருடம் ஒருமுறையாவது இப்படிப் பிரித்து அடுக்கு. அடுப்புக்கடியில் பொடி கொட்டினாலும், கல் கீழே இறங்கிக் கம்பி தெரிந்தாலும், சவுனா சூடேற முன்னைவிட நேரம் பிடித்தாலும் வருடம் முடியக் காத்திராதே. கல்லைக் கல்லோடு தட்டிப் பார். மந்தமாகச் சத்தம் வருவதை, கையில் உதிர்வதைத் தூக்கிப் போடு. ஊற்றுவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும், கடல் தண்ணீர் கம்பியை அரித்துவிடும். நீலகிரித் தைலத்தை அப்படியே கல்லில் ஊற்றும் அதிமேதாவிகளையும் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தீப்பிடிக்கும். வாசனை வேண்டுமானால் சவுனாவுக்கென்று விற்பதை வாளித் தண்ணீரில் சொட்டு விடு.

இதைவிட மோசம், சவுனாவைச் சாமான் அறையாக்குவது. அரிசி மூட்டை, பெட்டி, கொடி கட்டித் துணி. யாரோ தெரியாமல் குமிழைத் திருப்பினால் போச்சு. இங்கே சவுனாத் தீ விபத்துகளுக்கு இது தெரிந்த காரணம். நம் வீடுகளுக்குப் போனால் பாதிக்குப் பாதி இந்தக் கோலம்தான். பயன்படுத்தாவிட்டால் ஃபியூஸையாவது கழற்றி வையுங்கள் என்பேன், சிரிப்பார்கள்.

நான் வந்த புதிதில் தம்பெரேயில் எடுத்த வீட்டிலும் முந்தைய குடித்தனக்காரர் கல்லைப் பொடியாக விட்டுப் போயிருந்தார். காலி செய்யும்போது கம்பி வளைந்ததற்கான பணம் என் டெபாசிட்டில் பிடிக்கப்பட்டது. குடிவந்த அன்று எடுத்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை, வாதாட மொழியும் இல்லை. நீ இன்றைக்கே படம் எடுத்து, கல்லை மாற்றவா என்று உரிமையாளருக்கு எழுத்தில் கேள். பலர் கல்லுக்கான காசைத் தாங்களே தந்துவிடுவார்கள்.

அடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். வாயே திறக்க மாட்டார். நான் இறுக்கமாக வைத்த கல்லையெல்லாம் எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு சனிக்கிழமை, 1906-இலிருந்து நடக்கும் ராயபொர்த்தி பொதுச் சவுனாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே விறகில் சூடான பெரும் கல் குவியல். மேல் படியில் உட்கார்ந்தவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டாவது அகப்பையிலேயே நான் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டேன். இப்போது மேல் படியில்தான் உட்காருகிறேன், எங்கள் கட்டடத்தில் புதிதாக வருபவர்களுக்குக் கல் அடுக்கிக் கொடுப்பதும் நான்தான், ஃபின்லாந்துக்காரர்கள் உட்பட.