சிம்முக்கும் ஒரு பூட்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். லேப்டாப்போடு அடிக்கடி பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், கம்பெனிக் கணக்குகளைப் பார்த்துவிட்டு வருவேன். எல்லாருடைய பான் எண்ணும் வங்கி விவரமும் அதில்தான் இருக்கின்றன. ஸ்டேஷன் வைஃபையில் வேலை பார்க்கலாமா? ரயிலில் சார்ஜ் போட்டால் தகவலைத் திருடிவிடுவார்களாமே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: சார்ஜ் பயத்தை விடுங்கள் சகோதரி. ரயில் பிளக் பாயிண்டில் உங்கள் சொந்த சார்ஜரைச் செருகினால் வருவது கரண்ட் மட்டும்தான். பொது இடத்து யுஎஸ்பி துளையில் நேரடியாகக் கேபிளைச் செருகும்போதுதான் கவனம் தேவை. அங்கேயும், 'இந்தச் சாதனத்தை நம்பலாமா' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைஃபையும் அப்படித்தான். கையில் போன் ஹாட்ஸ்பாட் இருக்கும்போது ஸ்டேஷன் வைஃபை எதற்கு? சிக்னல் கிடைக்காத இடத்தில் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாருங்கள், வரவு செலவு எங்கேயும் ஓடிவிடாது.

எனக்கு உறுத்துவது நீங்கள் கேட்காத விஷயம். பையே தொலைந்தால் என்ன செய்வீர்கள்?

லேப்டாப்பில் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். நம் ஊர் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாஸ்வேர்டு பூட்டுவது முகப்பை மட்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே தெரியும். செக்காலை ரோட்டில் என் கடைக்கு உயிர்போன லேப்டாப் வந்தால் இப்படித்தான் போட்டோக்களை மீட்டுக் கொடுக்கிறேன். திருடனுக்கும் இது தெரியும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டால், எடுத்தவனுக்கு வெறும் குப்பைதான் கிடைக்கும். விண்டோஸ் புரோ என்றால் அதற்கு 'பிட்லாக்கர்' என்ற வசதி அதிலேயே இருக்கிறது. ஹோம் பதிப்பிலும் பல மாடல்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கும், செட்டிங்ஸில் பாருங்கள். அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைத்தால் என்கிரிப்ட் செய்ததற்கே அர்த்தமில்லை. ரயில் ஏறும் முன் மூடியைச் சாத்தினால் மட்டும் போதாது, ஷட் டவுன் செய்யுங்கள்.

அடுத்தது போன். திரைப் பூட்டு போட்டிருப்பீர்கள், ஆனால் எடுத்தவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடி பின் எண் வையுங்கள். அதன்பின் எந்த போனில் போட்டாலும் அந்த எண் இல்லாமல் சிம் வேலை செய்யாது. முதலில் அது பழைய பின்னை, அதாவது சிம் கம்பெனி முன்பே வைத்திருக்கும் எண்ணைக் கேட்கும். குத்துமதிப்பாக எதையும் அடிக்காதீர்கள், மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம், *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்) குறித்து வீட்டில் வையுங்கள். போன் போனால் முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். போலீஸ் புகார் நகல் கிடைத்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கலாம். பணம் போயிருந்தால் எதற்கும் காத்திராமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். ஆடிட்டரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், தொலைந்தது அவருடைய வாடிக்கையாளர்களின் விவரம்.

கேள்வி: அரிசி வியாபாரமாக வெளியூர் போனால் லாட்ஜில் ஆதாரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
- வாசகர், புதுவயல்

பதில்: முழு ஆதார் வேண்டாம் அண்ணே. அது போய்ச் சேருவது ரிசப்ஷன் பையனின் சொந்த போனாகக்கூட இருக்கலாம். ஆதார் தளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளுங்கள், கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும். அதை வாங்க மாட்டேன் என்றால் டிரைவிங் லைசென்ஸை நேரில் காட்டுங்கள்.