ஊனோவின் ராமை விழுங்கும் 6502 அட்டவணை

கேள்வி: ஆர்டுவினோ ஊனோவில் 6502 பிராசசருக்கு ஒரு சின்ன அசெம்பிளரும் (கட்டளைப் பெயரை எண்ணாக்குவது) டிஸ்அசெம்பிளரும் (எண்ணைத் திரும்பப் பெயராக்குவது) எழுதிக்கொண்டிருக்கிறேன். 256 ஆப்கோடுக்கும் (கட்டளை எண்) பெயர், அட்ரஸிங் மோடு (கட்டளைக்கான மதிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் வகை), நீளம் மூன்றையும் ஒரே ஸ்ட்ரக்ட் அரேயில் போட்டிருக்கிறேன். கம்பைல் ஆகிறது, ஆனால் ஓடும்போது தாறுமாறாக நடக்கிறது. ராமில் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டது என்று காட்டுகிறது. அட்டவணையை எப்படிச் சுருக்குவது? அசெம்பிளருக்குத் தனியாக இன்னொரு அட்டவணை வேண்டுமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மூன்று எழுத்துப் பெயரும் முடிவுக் குறியும் 4 பைட், மோடு 1, நீளம் 1. ஆக ஒரு வரிக்கு 6 பைட், 256 வரிக்கு 1536. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் மொத்த ராமே 2048 பைட்தான். மிச்சம் 512. சீரியல் பஃபர், ஸ்டாக், உங்கள் மாறிகள் எல்லாம் அதற்குள் அடிபட்டுக்கொள்கின்றன. தாறுமாறாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கான்ஸ்ட் என்று போட்டிருக்கிறேனே என்பீர்கள். இந்தச் சிப்பில் அது போதாது. ஃப்ளாஷும் (புரோகிராம் இருக்கும் நினைவகம்) ராமும் தனித்தனி முகவரி வெளிகள் என்பதால், கம்பைலர் கான்ஸ்ட் அரேயையும் தொடக்கத்திலேயே ராமுக்கு நகல் எடுத்துவிடும். அரேயைப் புரோக்மெம் என்று குறித்து, அதற்கென்று இருக்கும் மேக்ரோ வழியாகப் படியுங்கள். இன்றைக்கே இதைச் செய்தால் ராம் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதி நான் சொல்லப்போவது ஃப்ளாஷில் இடம் மிச்சம் பிடிக்க, அப்புறம் அசெம்பிளரை அதே அட்டவணையிலிருந்து எடுக்க.

6502-ல் ஆப்கோடு இடம் 256 இருந்தாலும் அதிகாரப்பூர்வமானவை 151தான். பெயர்கள் 56, மோடுகள் 13. "எல்டிஏ" (ஏ ரிஜிஸ்டரில் ஏற்று) என்ற பெயரை எட்டு இடத்தில் எழுதி வைப்பது வீண். பெயர்களைத் தனிப் பட்டியலாக்கி, ஆப்கோடு அட்டவணையில் அந்தப் பட்டியலின் எண்ணை மட்டும் வையுங்கள்.

பெயர்களை வைப்பதில் ஓர் அழகான வேலை இருக்கிறது. 1976-ல் ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் அவர் நண்பர் ஆலன் பாமும் எழுதிய 6502 டிஸ்அசெம்பிளரில் வந்தது அது. பின்னால் ஆப்பிள் 2 கணினியின் 2 கேபி மானிட்டர் ரோமில் (அடிப்படை புரோகிராம் இருக்கும் அழியாத நினைவகம்) அதே டிஸ்அசெம்பிளர் இடம்பிடித்தது. ஓர் எழுத்துக்கு 5 பிட், மூன்று எழுத்துக்கு 15 பிட், ஆக ஒரு பெயர் 2 பைட்டில் அடங்கிவிடும். கேள்விக்குறிக்கு 0, அட் குறிக்கு 1, ஏ-க்கு 2, பி-க்கு 3 என்று எண்கள் போகும். "பிஆர்கே" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பி 3, ஆர் 19, கே 12. பிட்டாக எழுதினால் 00011 10011 01100, கடைசியில் சும்மா ஒரு 0. இரண்டு பைட்டாகப் பிரித்தால் 28, 216. ஆப்பிள் 2 ரோமில் பெயர்ப் பட்டியலின் முதல் வரியில் இருப்பது இதே இரண்டு எண்கள்தான். இரண்டும் 0 என்றால் தானாகவே மூன்று கேள்விக்குறி அச்சாகும், அதாவது இல்லாத ஆப்கோடு. அதற்கென்று தனியாக ஒரு இஃப்கூட எழுத வேண்டாம். சுமார் ஐம்பது வருடப் பழமையான இந்த யோசனையை இப்போது படித்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, மொத்தம் எவ்வளவு? 56 பெயரும் அந்தக் கேள்விக்குறி வரியும் சேர்த்து 114 பைட். ஆப்கோடுக்கு ஒரு பெயர் எண் என்று 256. மோடு 13தான் என்பதால் 4 பிட் போதும், ஒரு பைட்டில் இரண்டு வைத்தால் 128. நீளத்தைச் சேமிக்கவே வேண்டாம், மோடு தெரிந்தால் நீளம் தெரியும். 13 மோடுக்கும் இரண்டிரண்டு பிட்டாக அது ஒரே 32 பிட் எண்ணுக்குள் போய்விடும். ஆக 502 பைட். இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னும் சுருக்கலாமா? சுருக்கலாம். 6502 ஆப்கோடை 3, 3, 2 பிட்டாக வெட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். கடைசி இரண்டு பிட் 01 என்றால் முதல் மூன்று பிட் எந்தக் கட்டளை என்று சொல்லும், நடு மூன்று பிட் மோடைச் சொல்லும். 101 010 01 என்பது எண்ணை நேரடியாக ஏற்றும் எல்டிஏ. இதைப் பார்த்ததும் அட்டவணையே வேண்டாம், விதியே போதும் என்று கை பரபரக்கும். அங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். அதே விதிப்படி 100 010 01 என்பது "எண்ணுக்குள் எஸ்டிஏ", அதாவது ஏ ரிஜிஸ்டரை ஓர் எண்ணுக்குள் சேமிப்பது, ஆகும். அப்படி ஒரு கட்டளை கிடையாது. எக்ஸ் ரிஜிஸ்டரை ஏற்றும், சேமிக்கும் கட்டளைகளில் மற்றவை எக்ஸ் இண்டெக்ஸ் (முகவரியோடு எக்ஸைக் கூட்டுவது) எடுக்கும் இடத்தில் ஒய் வரும். ஜேஎஸ்ஆர் (சப்ரூட்டினுக்குப் போவது) தனி, மறைமுக ஜேஎம்பி (தாவல்) தனி. ஏவிஆரில் (ஊனோ சிப்பின் குடும்பம்) ஓர் ஒப்பீடும் ஒரு தாவலும் சேர்ந்தாலே 4 பைட். அட்டவணையிலோ ஓர் ஆப்கோடுக்கு ஆகும் செலவு ஒன்றரை பைட். விதிவிலக்கு ஒவ்வொன்றையும் கோடில் எழுத எழுத, மிச்சம் பிடித்தது கரைந்துபோகும். நாளைக்கு 6502-ன் பிந்தைய வடிவமான 65சி02-க்கு மாற வேண்டுமென்றால் காலியாக இருந்த பல இடங்களில் புதுக் கட்டளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். அட்டவணை என்றால் புதுப் பெயர்களையும் மோடுகளையும் சேர்த்து எண்ணை மாற்றினால் போதும், விதியாக எழுதியிருந்தால் பிரித்துக் கட்ட வேண்டும். அதனால் 502-லேயே நிற்கச் சொல்வேன்.

அசெம்பிளருக்குத் தனி அட்டவணை வேண்டாம். தட்டிய பெயரை அதே 15 பிட்டாகச் சுருக்கிப் பட்டியலில் தேடுங்கள், எண் கிடைக்கும். அப்புறம் 0 முதல் 255 வரை ஓடி, பெயர் எண்ணும் மோடும் இரண்டும் பொருந்தும் ஆப்கோடை எடுங்கள். ஆப்பிள் 2-வின் மினி அசெம்பிளரும் இப்படித்தான், ஆப்கோடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பொருத்தியது. மெதுவாக இருக்குமே என்று கவலை வேண்டாம். ஒரு சுற்றுக்கு 20 சைக்கிள் என்று தாராளமாக வைத்தாலும் 16 மெகாஹெர்ட்ஸில் 256 சுற்றுக்கு 320 மைக்ரோசெகண்ட். 9600 பாடில் ஓர் எழுத்து வந்து சேரவே 1 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள். முகவரி 255-க்குள் இருந்தால் முதலில் ஜீரோ பேஜ் மோடில் (முகவரி ஒரே பைட்) தேடி, கிடைக்காவிட்டால் முழு முகவரி மோடில் தேடுங்கள். ஜேஎம்பிக்கு ஜீரோ பேஜ் வடிவமே இல்லை. இன்னும் வராத லேபிள் (முகவரிக்கு வைத்த பெயர்) என்றால் நேரே முழு முகவரி. இல்லாவிட்டால் இரண்டாவது பாஸில் (கோடை மறுபடி படிக்கும்போது) நீளம் மாறி, பின்னால் வரும் லேபிள் எல்லாம் நகர்ந்துவிடும்.

சோதிக்கும்போது, டிஸ்அசெம்பிள் செய்து திரும்ப அசெம்பிள் செய்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை 150-ம் ஆப்கோடான எஸ்டிஎக்ஸுக்கு ஒய் இண்டெக்ஸுக்குப் பதிலாக எக்ஸ் என்று போட்டுவிட்டேன். போக வர இரண்டு பக்கமும் அதே அட்டவணை என்பதால் சோதனை சுத்தமாகத் தேறியது. 151 கட்டளையையும் ஒரு ஃபைலில் எழுதி, சிஏ65 போன்ற வேறு அசெம்பிளரில் கொடுத்து, வரும் பைட்டுகளோடு உங்களுடையதை ஒப்பிடுங்கள்.