சென்னை ஐடி டவர்களுக்குப் போடும் கண்ணாடியையே ஊட்டி, குன்னூர் அலுவலகக் கட்டடத்துக்கும் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். ஓ.எம்.ஆர் பக்கம் சில வருடங்கள் டவர்களுக்குக் கண்ணாடி முகப்பு வடிவமைத்துவிட்டு, சொந்த ஊரான குன்னூருக்குத் திரும்பியவன் நான். இங்கே அந்த உயரத்துக்குக் கட்ட விடமாட்டார்கள். ஆனால் இரண்டு மாடி அலுவலகத்துக்கும் அதே கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள்.

சென்னையில் கண்ணாடிக்கு வேலையே வெயிலைத் தடுப்பதுதான். வெயிலின் வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்று சொல்லும் எண்தான் எஸ்.எச்.ஜி.சி. அது 0.25 என்றால் மேலே விழும் வெயிலின் வெப்பத்தில் கால்பங்குதான் உள்ளே வரும். மலையில் மார்கழிக் காலையில் அந்த வெப்பம் நமக்கு வேண்டும். தெற்கிலும் கிழக்கிலும் 0.5க்கு மேல் இருக்கட்டும். மேற்குப் பக்கம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். கருநீலக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், மூடுபனி நாட்களில் பகலெல்லாம் லைட் எரியும்.

குளிருக்கு இரட்டைக் கண்ணாடி, அதாவது டி.ஜி.யு, அவசியம். ஒற்றைக் கண்ணாடியின் யூ வேல்யூ 5.7 அளவில் இருக்கும். இரட்டையில் அது 2.8 ஆகும், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய லோ-இ பூச்சும் சேர்ந்தால் 1.8 வரை இறங்கும். எண் குறையக் குறைய அறையின் சூடு வெளியே போவதும் குறையும்.

சிக்கல் இந்த டி.ஜி.யு-வில்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அடைத்த காற்றுக்கும் அதே கதி. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சீல் செய்த காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

நான் பார்த்த முதல் மலை வேலையில் இதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். பொருத்திய மறுநாள் எதிரே இருந்த கற்பூர மரம் கண்ணாடியில் வயிறு பெருத்துத் தெரிந்தது. நீள அளவுகோலைக் குறுக்கே வைத்தேன். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் விரல் நகம் நுழையும் இடைவெளி. அடுத்த மழைக்காலத்தில் மூன்று கண்ணாடிகளின் உள்ளே பனி படிந்தது. ஓரத்து சீல் விட்டுவிட்டது, எந்தத் துணியாலும் துடைக்க முடியாத இடம். மூன்றையும் கழற்றி மாற்றினோம். மூன்றுமே கழிவறைப் பக்கத்துச் சின்ன ஜன்னல்கள். பெரிய கண்ணாடி வளைந்து கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னது வளையாது, எல்லா பாரமும் சீல் மேல் விழும்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே கட்டடம் இருக்கும் உயரத்தை மீட்டரில் எழுதிக் கொடுங்கள். அதற்கேற்ற அழுத்தத்தில் அடைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், ஸ்பேசர் (இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் வரும் பட்டை) வழியாக முடி போன்ற மெல்லிய கேபிலரி டியூப் வைத்துத் தரச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறக்கிய அன்றே மாட்டிவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் மழை படாமல் நிழலில் நிறுத்தி வையுங்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதும், டியூப் முனையை நசுக்கி சீலன்ட் வைத்து மூடச் சொல்லுங்கள். திறந்தே விட்டால் நம் ஊர் ஈரம் மெல்ல உள்ளே போகும்.

அப்புறம், டியூப் வைத்த கண்ணாடிக்கு, நடுவே காற்றுக்குப் பதில் சூட்டைக் குறைவாகக் கடத்தும் ஆர்கான் வாயு என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மலை ஏறும் வழியிலேயே அதில் ஒரு பங்கு அந்த டியூப் வழியாகப் போய்விடும்.