பாதி வருடம் ரோஸ்ஹில், பாதி வருடம் திருச்சி

அன்புள்ள ஐயா,

மொரிஷியஸில் ரோஸ்ஹில் என் ஊர். எபேன் சைபர் சிட்டியில் ஜாவா புரோகிராமராக இருக்கிறேன். வேலையெல்லாம் பாரிஸில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு. மனைவி திருச்சிக்காரர், வீட்டுக்கு ஒரே பெண். மாமனார், மாமியாருக்கு வயதாகிவிட்டது. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் திருச்சியில் என்று இருக்கும்படியான ஐ.டி. வேலை எங்கே கிடைக்கும்? ‘எங்கிருந்தும் வேலை செய்யலாம்’ என்று வந்த விளம்பரங்களுக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

ஓசிஐ இருப்பது நல்லதாகப் போயிற்று. இங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாவது தலைமுறை வரை அதைப் பெறலாம் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் முர்மு மொரிஷியஸ் வந்தபோது அறிவித்தார். திருச்சியில் உட்கார்ந்து புரோகிராம் எழுத உங்களுக்குத் தனி விசா வேண்டாம்.

அந்த விளம்பரங்களை விட்டுவிடுங்கள். ‘எங்கிருந்தும்’ என்பதற்குப் பெரும்பாலும் ‘எங்கள் நாட்டுக்குள் எங்கிருந்தும்’ என்றுதான் பொருள். ஊழியர் ஒருவர் இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் இருந்து வேலை செய்தால் அந்த நாட்டு வரி, சமூகப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் கம்பெனியின் தலையிலும் விழலாம். அங்கே அலுவலகம் இல்லாதவர்கள் அதற்குப் பயப்படுவார்கள். இரண்டு நாட்டிலும் அலுவலகம் உள்ள நிறுவனங்களைப் பாருங்கள். அக்சென்சர் எபேனிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால் இப்போது இருக்கும் இடத்திலேயே கேளுங்கள். புதிதாகச் சேருகிறவருக்கு இந்தச் சலுகையை யாரும் லேசில் தருவதில்லை. மாதக் கடைசியில் பிரீமியக் கணக்கு எங்கே இடிக்கும் என்று தெரிந்த ஆளுக்குத் தருவார்கள்.

உங்கள் மேனேஜர் சரி என்றாலும் பாரிஸ்காரர்கள் சரி என்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாலிசிதாரர்களின் விவரங்களை எந்தெந்த நாட்டிலிருந்து திறந்து பார்க்கலாம் என்பது இம்மாதிரி ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். அதில் மொரிஷியஸ் மட்டும் இருந்து இந்தியா இல்லையென்றால், லேப்டாப்பைத் திருச்சியில் திறப்பதே ஒப்பந்த மீறல். சொல்லாமல் போய்விட்டு, இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உண்மையான பெயர்களும் நோய் விவரங்களும் இல்லாத சோதனைத் தரவில் மட்டும் அங்கிருந்து வேலை செய்கிறேன் என்று நீங்களே முன்வந்து சொன்னால் பேச்சு நகரும்.

அப்புறம் கடிகாரம். பாரிஸில் மாலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் திருச்சியில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. தூக்கத்துக்கு ஏப்ரலில் போவது நல்லது, உடம்புக்கு நவம்பரில் போவது நல்லது. திருச்சி வெயிலைப் பற்றி உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறுக்கு ஆறு என்ற கணக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள் இருந்தால் நீங்கள் வரிக்கு அங்கே குடியிருப்பவர். ஜனவரி முதல் ஜூன் வரை என்று வருடாவருடம் போனால் ஏப்ரல்–மார்ச் கணக்கில் 181 நாள் வரும், லீப் வருடத்தில் சரியாக 182. விமானம் ஒரு நாள் தாமதமானால் போதும். இந்தியாவில் ஈட்டியதாகக் கருதப்படும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்த எல்லை 120 நாளாகவே சுருங்கலாம். திருச்சியில் இருந்து செய்த வேலைக்கான சம்பளமும் அந்தக் கணக்கில் வரக்கூடும். மொரிஷியஸும் உங்களை விடாது. ஜூலை–ஜூன் வருடத்தில் 183 நாளோ, மூன்று வருடத்தில் சேர்த்து 270 நாளோ இருந்தால் இங்கேயும் குடியிருப்பவர்தான். ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி விழாமல் இருக்க இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு என்றாலும், அதை உங்கள் சம்பளச் சீட்டுக்குப் பொருத்திப் பார்க்க இரு பக்கமும் தெரிந்த ஓர் ஆடிட்டர் வேண்டும். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அரை வருடம் கேட்கமாட்டேன், மூன்று மாதம் கேட்பேன். போகும் தேதி, வரும் தேதி, பாரிஸ் நேரப்படி எத்தனை மணி வரை இருப்பேன், கரண்டும் இணையமும் போனால் என்ன ஏற்பாடு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.