உடல் சேர்த்து வைக்காத செல்வம்

அன்புள்ள ஐயா,

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுத்துவருகிறேன். தேநீரிலும் பழங்களிலும் உள்ள பாலிபீனால் என்ற தாவரப் பொருள் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் என்று படித்ததிலிருந்து உணவோடு தேநீர், மாலையில் மாதுளைச் சாறு. போதாதென்று பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரையும் வாங்கிவிட்டேன். வெறும் வயிற்றில் விழுங்கினால் முழுதாக உடலில் சேருமா? பழம் நல்லதா, சாறு நல்லதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேராது. சேர்த்துக்கொள்ளும் உத்தேசமே உடலுக்கு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே சாப்பாட்டு மேசையில் நண்பர்களை இழந்தவன் நான்.

உண்ட பாலிபீனாலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. அதையும் குடல்சுவரும் கல்லீரலும் அந்நியப் பொருளாகவே பார்க்கின்றன. மருந்துகளுக்குச் செய்வதுபோல குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, நீரில் எளிதில் கரையவைத்து, பெரும்பாலும் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. ரத்தத்தில் எஞ்சுவது வைட்டமின் சி அளவுக்கு முன்னால் அற்பம். ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், பாலிபீனாலின் பெருமையாகச் சொல்லப்படும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் (செல்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் திறன்) கூடியது உண்மை. ஆராய்ந்து பார்த்தால் பழச்சர்க்கரையால் ஏறிய யூரிக் அமிலத்தின் வேலை அது! உணவுகளின் இந்தத் திறனைச் சோதனைக்குழாயில் அளந்து தந்த ‘ஓராக்’ மதிப்பெண்களின் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் விலக்கிக்கொண்டது. விளம்பரங்கள்தான் இன்னும் விடவில்லை.

மீதி ஒன்பது பங்கு பெருங்குடலுக்குப் போகிறது. கதை அங்கேதான் தொடங்குகிறது. மாதுளையின் எலாஜிடானின் என்ற பாலிபீனாலை அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைத்து, உடல் உறிஞ்சக்கூடிய யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறு ஆக்குகின்றன. சிலர் குடலில் அதைச் செய்யும் பாக்டீரியாவே இல்லை. ஒரே பழத்தைப் பகிர்ந்து தின்ற இருவருக்குக் கிடைப்பது ஒன்றல்ல. எந்த விற்பனையாளர் இதைச் சொன்னார் உங்களுக்கு?

பழமா சாறா என்பதெல்லாம் உங்கள் நாக்கின் விருப்பம். ரத்தச் சுத்திகரிப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ஆனால் அம்மா, ரத்தசோகையை வைத்துக்கொண்டு உணவோடு தேநீரா? கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுவல்லவா? தேநீரின் பாலிபீனால்கள் தாவர உணவின் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் அதற்குத் தடை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே வேண்டாம்.

தேயிலை மாத்திரை வெறும் வயிற்றில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும்தான். சிக்கலே அதுதான். அதன் முக்கியப் பொருளான ஈஜிசிஜி, துணைச்சத்து மாத்திரைகள் வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. புட்டியை மருத்துவரிடம் காட்டும்வரை திறக்காதீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.